கால்வாய்ப் பாலத்தில் நின்ற கார்

எழுதுகிறவர்களின் இடத்தில் நானும் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு கடைக்குப் போவதற்குச் சாமான் துண்டு எழுதியதைத் தவிர நான் பேனை பிடித்ததில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டால் நான் தேநீர் போடுவதுபோல எழுந்து போய்விடுவேன். எழுதும்போது வாசிப்பவரின் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது என்ற துணிவில்தான் தொடங்குகிறேன். அதுவும் ஒரு கார் எஞ்சினைப் பற்றி. வேறு ஏதாவது நல்ல விஷயத்தை எழுதியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு நடந்தது இதுதான். நடந்து மாதங்கள் போன பிறகும் அந்தத் திகைப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நானும் மாமியும் இருக்கிறோம். மாமி என் கணவரின் தாய். மாமா இறந்து பல வருடங்கள். கணவர் கட்டாரில் ஒரு கட்டடக் கம்பனியின் களஞ்சியத்தில் வேலை செய்கிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போகும்போது விட்டுப்போனது ஒரு சின்னக் கார். மூன்று சிலிண்டர் உள்ள பழைய கார். அரசாங்கம் கார் இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த வருடங்களில் இந்த மாதிரிக் கார்களுக்கும் திடீரென்று மதிப்பு வந்தது. விற்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அவர் விற்கவில்லை. என்னை ஓட்டப் பழகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். மாமிதான் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நீ ஓட்டாவிட்டால் நான் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

அவர் இங்கே இருந்த காலத்தில் காரின் சில்லறை வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துவிடுவார். எஞ்சின் ஒயில் மாற்றுவது, சிலிண்டருக்குள் பொறி அடிக்கும் பிளக்கை மாற்றுவது, காற்று ஃபில்டர் மாற்றுவது எல்லாம். போன பிறகு அதை நான் செய்தேன். அவர் வட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டிக்கொண்டு சொல்லுவார், நான் செய்வேன். ஒரு கையில் ஸ்பனர், மறு கையில் போன். “கமராவைக் கிட்டக் கொண்டுவாரும். இது என்ன, உம்மட மூக்குத்தானே தெரியுது” என்பார். வெளியில் யாரோடும் கதைக்க வராத எனக்கு அந்தக் காரின் பொனெட்டுக்குள் குனிந்து நிற்கிற நேரத்தில் மட்டும் வாய் தாராளமாக வரும்.

அந்தக் காரில் ஒவ்வொரு நாளும் மூன்று பிள்ளைகளைப் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவேன். இரண்டு பேர் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் அக்காவும் தங்கையும். அவர்களின் தாய்க்கு வங்கியில் வேலை. மூன்றாவது, எதிர் ஒழுங்கையிலிருக்கும் சின்னப் பையன். அவனுடைய தாய் ஆஸ்பத்திரியில் தாதி. தாய்மார் மாதம் தருவது எங்கள் சமையலறைக்கு உதவும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரியது வேறு. நான் வீட்டுக்கு வெளியே செய்கிற ஒரே வேலை அது. ஒவ்வொரு நாள் காலையிலும் இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளை என் கையில் தந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். என்னை அப்படி நம்பி யாரும் எதையும் தந்தது கிடையாது. பிள்ளைகளோடு நான் பேசவேண்டிய தேவையும் இல்லை. அவர்களே கதைத்துக்கொள்வார்கள், நான் கேட்டுக்கொண்டு ஓட்டுவேன்.

நவராத்திரி வந்த கிழமையில் பிளக் மாற்றும் காலமும் வந்திருந்தது. மருதானைப் பக்கம் உதிரிப்பாகக் கடையில் சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று பிளக்கும் ஒரு காற்று ஃபில்டரும் வாங்கி வந்தேன். உடனே போடத்தான் நினைத்தேன். அவர் வேண்டாம் என்றார். இரண்டு நாளில் ஆயுத பூசை. பூசையில் வைத்துவிட்டு விஜயதசமி அன்று போட்டால் நல்லது என்றார். அவருக்கு அந்த விஷயங்களில் நம்பிக்கை அதிகம். கட்டாருக்குப் போன பிறகு அது இன்னும் கூடியிருந்தது.

பூசை அன்று எங்கள் சின்ன ஹோலில் ஒரு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். என் தையல் மெசின், கத்தரிக்கோல், ஸ்பனர், ஸ்க்ரூ டிரைவர், பிளக்குகள், ஃபில்டர். மேல்மாடித் தாய் தன் பிள்ளைகளின் புத்தகங்களைக் கொண்டுவந்து தந்தார். அவர்கள் வீட்டில் பூசை வைக்க நேரமில்லையாம். புத்தகங்களோடு தன் மடிக்கணினியையும் வைத்துவிட்டு, கூச்சத்தோடு சிரித்தார். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் நான்தான் வைத்தேன். மாமா போன பிறகு மாமி குங்குமச் சிமிழைத் தொடுவதில்லை. விபூதி மட்டும் பூசிக்கொண்டு கதிரையில் இருந்தபடி உத்தரவு போடுவார். பிரிட்ஜுக்கு வை, தண்ணீர் மோட்டருக்கு வை, கேற்றுக்கு வை. கணவர் செம்புக் குடத்தில் சாய்த்து வைத்த போனுக்குள் இருந்து பூசை பார்த்தார். “அந்தப் பிளக்குகளை ஏன் பெட்டியோட வைச்சிருக்கிறீர்? வெளியில எடுத்து ஒரு பொட்டு வையுமன்” என்றார். வைத்தேன்.

அடுத்த நாள் விஜயதசமி. மத்தியானம் பிளக் போட்டேன். கரண்ட் கொண்டுவரும் வயர் ஒன்றைக் கழற்றி, அந்தப் பிளக்கை மாற்றி, அதே வயரை மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொடவேண்டும் என்பது அவருடைய சட்டம். அப்படியே செய்தேன். ஃபில்டரும் மாற்றினேன். பழைய பிளக்குகளையும் பழைய ஃபில்டரையும் வாசலில் ஒரு பையில் போட்டு வைத்தேன். காரை ஸ்டார்ட் பண்ணினேன். ஓடியது. முன்பு இல்லாத ஒரு சின்ன நடுக்கம் இருந்ததுபோலத் தெரிந்தது. கணவரிடம் சொன்னேன். புதுச் சாமான், கொஞ்சம் ஓடினால் சரியாகும் என்றார்.

அன்று இரவு நல்ல மழை. காலையில் ஸ்டார்ட் பண்ணியபோது நடுக்கம் சின்னதாக இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைகள் ஆடின. கியர் தடி தானாக ஆடியது. டாஷ்போர்டில் வைத்திருந்த சின்னப் பிள்ளையார் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டு போனார். பின் இருக்கையில் பையன், “அன்ரி, கார் சிரிக்குது” என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். எஞ்சின் சூடானால் நடுக்கம் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலி வீதியில் ஏறினேன்.

காலி வீதியில் பம்பலப்பிட்டிக்குப் போகும் வழியில் கால்வாய்க்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. ஏற்றம் என்று சொல்ல முடியாத அளவு சின்ன ஏற்றம்தான். அங்கே வரைக்கும் இருமிக்கொண்டு வந்த கார், பாலத்தில் ஏறும்போது இரண்டு முறை முன்னும் பின்னும் குலுங்கி அப்படியே நின்றுவிட்டது. ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. பின்னால் ஒரு தனியார் பஸ். அதன் ஹோர்ன் என் தலைக்குள் அடிப்பதுபோல இருந்தது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். பஸ்ஸின் முகப்பு மட்டும்தான் கண்ணாடி முழுவதும் இருந்தது. அதற்கும் பிள்ளைகளின் தலைகளுக்கும் நடுவில் எங்கள் காரின் பின் கண்ணாடியைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த பிறகு என் கைகள் அசையவில்லை. அபாய லைட்டைப் போடவேண்டும் என்று தெரிகிறது. அந்தச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், போடவில்லை.

பஸ்ஸின் நடத்துநர் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கோபம் போய்விட்டது. “அக்கே, பய வென்ட எப்பா” என்றார் சிங்களத்தில், பயப்பட வேண்டாம் என்று. அவரும் வீதியில் போன இரண்டு பேரும் சேர்ந்து தள்ளி, பாலத்துக்கு அப்பால் ஓரமாக விட்டார்கள். நன்றி சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடம் இனி நடக்கிற தூரம்தான். பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு பேரையும் உட்பக்கமாக விட்டு நடந்தேன். அக்காக்காரி மாணவத் தலைவி. அவள் வாசலில் நின்று பிந்தி வருகிறவர்களின் பெயர் எழுதவேண்டியவள். அன்றைக்கு அவளே பிந்தி வந்தாள். வழி முழுக்க அவள் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நடந்தாள். திட்டியிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து முயன்றபோது கார் ஒருமாதிரிப் பிடித்தது. கடற்கரை வீதியான மரீன் டிரைவ் வழியாக, ஓரமாக, நடக்கிற ஆட்கள் என்னை முந்திப் போகும் வேகத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். கராஜ்காரருக்குப் போன் எடுத்தேன். அவருக்குக் கையில் வேலை நிறைய. நாளைக்கு மறுநாள்தான் பார்க்கலாம் என்றார். பிள்ளைகளை மத்தியானம் ஓட்டோவில் போய்க் கூட்டிவந்தேன்.

அதற்குள் மேல்மாடித் தாயின் குரல் செய்தி வந்துவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் யாருடைய போனிலோ சொல்லியிருக்கிறாள். கோபமான குரல் இல்லை. “அக்கா, பிள்ளையள் நல்லாப் பயந்திட்டினம். எனக்கும் வேலை ஓடேல்ல. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள கார் முழுக்கச் சரியெண்டு உங்களுக்கு நிச்சயமெண்டால் எனக்குச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் நாளையில இருந்து வேற ஒழுங்கு பாக்கோணும்.” நான் அதை மூன்று நாலு தரம் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்தத் தாயாக நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நடந்ததைச் சொல்லிப் பையனின் தாய்க்கு நான் குரல் செய்தி போட்டிருந்தேன், அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் வேலையில் இருக்கும்போது போன் பார்ப்பதில்லை.

பின்னேரத்துக்குள் என்றால் எனக்கு இருந்தது அந்த மத்தியானம் மட்டும்தான். பொனெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, அதன் சத்தத்தைப் பதிந்து கணவருக்கு அனுப்பினேன். அவருக்கு அப்போது சாப்பாட்டு நேரம். பதில் குரல் உடனே வந்தது. “மூண்டில ஒண்டு செத்துப்போச்சு” என்பதுதான் முதல் வார்த்தை. அவர் சிலிண்டரைத்தான் சொன்னார். ஆனால் காலையில் இருந்து என் மனதில் மூன்று என்றால் பின் இருக்கையில் இருந்த மூன்று தலைகள்தான். வாசற்படியில் இருந்துவிட்டேன். மாமி தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பிறகு கணவர் வீடியோவில் கோல் எடுத்தார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம், நீர் பதறாதேயும் என்றார். நேற்று மாற்றியது இரண்டே சாமான், அதனால் பிழையும் அதிலேதான் இருக்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. முதலில் காற்று ஃபில்டர். அதைக் கழற்றிவிட்டு ஓடவிட்டேன். நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்தது பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று யோசித்தார். நான் இந்தக் கிழமை பெற்றோல் அடிக்கவேயில்லை. அதையும் விட்டோம். மிச்சம் பிளக்.

எஞ்சின் ஓடும்போது வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கச் சொன்னார். உயிருள்ள சிலிண்டரின் வயரை இழுத்தால் எஞ்சின் இன்னும் தள்ளாடும். செத்ததன் வயரை இழுத்தால் ஒரு மாற்றமும் இருக்காது. காய்ந்த துணியை மடித்து, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு முதலாவதை இழுத்தேன். எஞ்சின் நிற்கப்போனது. திரும்ப மாட்டினேன். மூன்றாவதை இழுத்தேன். அதுவும் நிற்கப்போனது. நடுவில் உள்ளதை இழுத்தபோது துணியையும் மீறி முழங்கைவரை ஒரு அடி அடித்தது. போனைக் கீழே போட்டுவிட்டேன். அவர் அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். நான் கையை உதறிக்கொண்டு எஞ்சினைப் பார்க்கிறேன். வயர் கழன்று தொங்குகிறது. எஞ்சின் அதைக் கவனிக்கவேயில்லை, முன்பு எப்படி ஆடியதோ அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

“நடு” என்றேன்.

பிளக்கா வயரா என்று அறிய, நடுப் பிளக்கையும் முதலாவது பிளக்கையும் இடம் மாற்றச் சொன்னார். கொஞ்சம் ஆறவிட்டு மாற்றி, திரும்பவும் வயர்களை இழுத்துப் பார்த்தேன். இப்போது முதலாவது செத்துப்போய் நடுவில் உள்ளது உயிர்த்துவிட்டது. பிளக் போகிற இடத்துக்குப் பிழையும் போகிறது. ஆக, பிளக்தான். நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட புத்தம் புதுப் பிளக். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கடைக்காரன் போலிச் சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். அந்தக் கடை அப்படிப்பட்டதில்லை என்று நான் சொன்னேன். சரி, பழைய பிளக்கை எடுத்துப் போடும், பிறகு பார்ப்போம் என்றார்.

வாசலில் பை இல்லை. மாமி அதைக் காலையிலேயே குப்பை வண்டியில் போட்டுவிட்டார். பூசை முடிந்த வீட்டில் பழசு கிடக்கக்கூடாதாம். “எனக்கென்ன தெரியும் பிள்ளை, அது கறள் பிடிச்ச இரும்பெண்டு நினைச்சன்” என்றார். மேல்மாடியை அண்ணாந்து பார்த்தேன். பல்கனியில் பிள்ளைகளின் சீருடை காய்ந்துகொண்டிருந்தது.

கணவர் அந்தப் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னார். நுனியைக் கமராவுக்குக் காட்டினேன். பெற்றோலில் நனைந்து கறுப்பாக இருந்தது. பொறி பாயவேயில்லை, அதுதான் நனைந்திருக்கிறது என்றார். நுனியின் இடைவெளி சரியாகத்தான் இருந்தது. வேறு வெடிப்பு ஏதும் இருக்கிறதா, முழுக்கச் சுற்றிக் காட்டும் என்றார். சுற்றினேன்.

“பொறும். அதென்ன சிவப்பு?”

“பொட்டு” என்றேன்.

அவர் முகம் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதாக்கும் என்று நினைத்துப் போனைத் தட்டினேன். உறையவில்லை. அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டக் கொண்டுவரச் சொன்னார். நானும் அப்போதுதான் பார்த்தேன். இத்தனை தரம் அந்தப் பிளக்கைக் கையில் எடுத்திருக்கிறேன். பொட்டு என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கதவு நிலையில் இருக்கிற பொட்டை யார் பார்க்கிறார்கள்? அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிற ஒன்றாகவே எனக்குப் பட்டிருந்தது. பிளக்கின் மேல்பாதி வெள்ளைப் பீங்கான். அதில் நான் வைத்த சந்தனம் வெடித்திருந்தது. குங்குமத்துக்கு நடுவில், மேலே வயர் மாட்டுகிற முனையிலிருந்து கீழே இரும்புவரை, பென்சிலால் இழுத்ததுபோல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. கருகிய கோடு.

அவர் மெதுவாக விளங்கப்படுத்தினார். அந்தப் பீங்கான் அவ்வளவு வெள்ளையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதே கரண்ட் வெளிப்பக்கமாக வழிந்து போகாமல் இருக்கத்தான். இரவு மழையில் காற்றெல்லாம் ஈரம். சந்தனமும் குங்குமமும் அந்த ஈரத்தைக் குடித்து, கரண்டுக்கு ஒரு பாதை போட்டுக் கொடுத்துவிட்டன. உள்ளே போய்ப் பொறியாகப் பாயவேண்டியது, வெளியே பொட்டின் மேலால் இறங்கி இரும்புக்குப் போய்விட்டது. பூசை மேசையில் நடுவில் இருக்கிறதே என்று அதற்கு மட்டும் நான் கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தேன், எஞ்சினிலும் அதே வரிசையில் போட்டிருந்தேன். மற்ற இரண்டும் சின்னப் பொட்டுகள். அவையும் இன்றோ நாளையோ போயிருக்கும் என்றார்.

“போடேக்க நீர் துடைக்கேல்லையோ?”

துடைக்கவில்லை. மாட்டும்போது நினைத்தேன்தான். இது எஞ்சினுக்குள் போகிற சாமானாயிற்றே என்று ஒரு கணம் துணியை எடுத்தேன். கை வரவில்லை. அவர் எங்கேயோ இருக்கிறார், களஞ்சியத்தில் தலைக்கு மேலே இரும்பு அடுக்கியிருக்கிற இடத்தில் நாள் முழுதும் நிற்கிறார். நான் இங்கே நின்று, என் கையால் வைத்த குங்குமத்தை என் கையாலேயே அழிப்பதா? என் கை தானாக நெற்றிப் பொட்டுக்குப் போனது.

அவருக்கு விளங்கிவிட்டது. அவர் போனைத் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். மஞ்சள் தொப்பி, வியர்வை, தாடியில் சோறு ஒன்று ஒட்டியிருந்தது. “இஞ்ச பாரும். நான் நல்லாத்தான் நிக்கிறன். பெற்றோல் போட்டுத் துடையும். எனக்கு வேலைக்கு மணி அடிக்கப்போறாங்கள்.”

துணியில் பெற்றோல் ஊற்றினேன். பிளக்கைப் பிடித்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பிள்ளைகளை நினைத்தேன், பாலத்தை நினைத்தேன், கண்ணாடி முழுதும் நின்ற அந்த பஸ்ஸை நினைத்தேன். எல்லாம் தெரிந்தும் விரல் அசையவில்லை. காலையில் அந்த லைட் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதிரி நின்றேன்.

மாமி வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

“தா பிள்ளை. நான் அழிக்கிறன். இனி எனக்கு இதால என்ன வரப்போகுது.”

அவர் அதைத் துக்கமாகச் சொல்லவில்லை. உப்புப் போத்தலைக் கேட்பதுபோலக் கேட்டார். போனில் கணவர் “அம்மா” என்று ஒரு தரம் சொன்னார். பத்து வருடத்துக்கு மேலாகக் குங்குமத்தைத் தொடாத விரல்களால் மாமி அந்தச் சிவப்பைத் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். கோடு போகவில்லை என்று நகத்தால் சுரண்டினார். மற்ற இரண்டையும் கழற்றித் தரச் சொன்னார். முடித்துவிட்டு விரல்களை முகர்ந்து பார்த்து, “சவர்க்காரம் போட்டாலும் போகாது இந்தப் பெற்றோல் மணம்” என்று சொல்லிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

வயர்களின் ரப்பர் மூடிகளுக்குள்ளும் நடுவில் உள்ளதில் அந்தக் கோடு பதிந்திருந்தது. துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்து, காயவிட்டு, எல்லாவற்றையும் மாட்டினேன். திறப்பைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. நடுக்கம் இல்லை. கியர் தடி அசையாமல் நின்றது. ஒழுங்கையை மூன்று தரம் சுற்றி வந்தேன், பிறகு தனியாகக் காலி வீதியில் ஏறி அந்தப் பாலத்தில் இரண்டு பக்கமும் போய்வந்தேன். நிற்கவில்லை. சத்தத்தைப் பதிந்து கட்டாருக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

இனிச் சொல்லவேண்டியது மட்டும்தான் மிச்சம். குரல் செய்தி அனுப்பியிருக்கலாம். நேரில் போவதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது. பின்னேரம் மேல்மாடித் தாய் வேலையால் வந்ததும் படி ஏறினேன். போகும்போது சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். கார் சரி, பாலத்தில் ஓடிப் பார்த்தேன், நிச்சயம். அவர் வாசலிலேயே நின்று கேட்டார். முகம் தெளிந்தது. “அப்பாடா” என்றார். “என்னவாம் பிழை?”

பொய் சொல்ல எனக்குத் தெரியாது. பிளக்கில் அழுக்கு என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்யில்லைதான். ஆனால் அவர் தன் பிள்ளைகளைத் தருகிறார், முழுவதையும் அறிய அவருக்கு உரிமை உண்டு என்று நினைத்தேன். பீங்கான், ஈரம், கரண்ட், பொட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “குங்குமம் கருகிப்போச்சோ?” என்றார்.

“ஒரு கோடுதான். கரண்ட் போன வழி.”

“பூசையில வைச்சதெல்லே? பிள்ளையளின்ர புத்தகமும் அந்த மேசையிலதானே இருந்தது?”

ஓம் என்றேன். அவர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார். “விளங்குது அக்கா. நீங்கள் சொல்லுறது எனக்கு நல்லா விளங்குது. ஆனால் மனம் கேக்கேல்ல. குறை நினைக்காதேங்கோ. கொஞ்ச நாளைக்கு அவையை ஓட்டோவில விடுறன். பிறகு பாப்பம்.”

கார் ஓடாது என்று பயந்த தாய்க்கு, அது ஓடுகிறது என்று சொல்லப் போனேன். ஓடுகிறது என்பதை அவர் நம்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் போனார்கள். படியில் பாதி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய் இன்னும் ஒரு முறை சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். பிறகு மிச்சப் படிகளையும் இறங்கினேன்.

மாமியிடம் சொன்னேன். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “அவவின்ர கொம்பியூட்டருக்கும் நீதானே பொட்டு வைச்சனி. அதைக் கொண்டுபோய் வங்கியில வேலை செய்யிறாதானே? கேட்டிட்டு வா, அது கருகிப்போச்சோ எண்டு.” அழுகை வருகிற மாதிரி இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமி சிரிக்கவில்லை. வெங்காயம் எரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பையனின் தாய் போன் எடுத்தார். வேலை முடிந்து இப்போதுதான் போனைப் பார்த்தாராம். பின்னால் பஸ் சத்தம் கேட்டது. கார் ஓடுதோ என்று கேட்டார். ஓடுது என்றேன். நிச்சயமோ என்றார். நிச்சயம் என்றேன். சரி அக்கா, நாளைக்கு வழக்கம்போல அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார். என்ன பிழை என்று அவர் கேட்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்ப எடுத்துச் சொல்லத்தான் வேண்டுமோ என்று நெடுநேரம் நின்றேன். எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை மழை இல்லை. மேல்மாடிப் பிள்ளைகள் இருவரும் ஓட்டோவில் போனார்கள். பையன் பின் இருக்கையில் தனியாக இருந்து வந்தான். கார் பாலத்தில் நிற்கவில்லை.